ஆயிலில் மினுங்கும் தூள்

புல்வெட்டும் டிராக்டரின் ஆயிலை வடித்துத் தட்டில் விட்டதும், வெயிலில் வெள்ளித்தூள் கரைத்தது போல மினுமினுத்தது.

விரல் நுனியில் தேய்த்துப் பார்த்தேன். நறநறப்பு இல்லை, வழுவழுவென்றுதான் இருந்தது.

புது எஞ்சின், முதல் ஆயில் மாற்றம். பிஸ்டன் ரிங்கும் சிலிண்டரும் ஒன்றோடொன்று பழகும்போது இப்படித் தூள் வருவது இயல்பு. முதல் ஆயிலைச் சில மணி நேர ஓட்டத்திலேயே மாற்றச் சொல்வதும் இதற்காகத்தான்.

விரலில் குத்தும் சில்லுகள் வந்தால்தான் பயப்பட வேண்டும். காந்தத்தில் ஒட்டினால் இரும்பு. ஒட்டாமல் வெள்ளையாக இருந்தால் பெரும்பாலும் அலுமினியம். பிஸ்டனோ, அதோடு இணைந்த தண்டான கனெக்டிங் ராடோ தேய்கிறது என்று அர்த்தம்.

அப்புறம் ஆயில் ஃபில்டர்.

மரை பொருந்துகிறது என்பதற்காக ஏதோ ஒரு கார் ஃபில்டரை மாட்டிவிடாதீர்கள், தயவுசெய்து. உள்ளே இருக்கும் பைபாஸ் வால்வு (ஃபில்டர் அடைத்துக்கொண்டால் ஆயிலை வடிகட்டாமல் நேராக விடும் வழி) எந்த அழுத்தத்தில் திறக்கிறது என்பது முக்கியம். தேவைக்கு முன்பே திறந்துகொண்டால், ஆயில் வடிகட்டப்படாமலேயே பேரிங்குக்குப் போய்விடும். எஞ்சின் கையேட்டில் போட்டிருக்கும் ஃபில்டர் எண்ணைப் பார்த்தே வாங்குங்கள்.

பழைய ஃபில்டரையும் அப்படியே தூக்கி எறிய வேண்டாம். அறுத்து, உள்ளே இருக்கும் மடிப்புக் காகிதத்தை விரித்துப் பாருங்கள். ஆயிலில் கண்ணுக்குப் படாத சில்லுகள் அங்கேதான் மாட்டியிருக்கும்.