மண்டபம் அட்டையும் முப்பது மணி நேரமும்

நீலகிரியில் ஒரு கலை அறிவியல் கல்லூரியில் வரலாறு கற்பிக்கிறேன். இலங்கையிலிருந்து தாயகம் திரும்பிய தோட்டத் தொழிலாளர் குடும்பங்கள் இந்த மாவட்டத்தில் வேரூன்றிய விதம்தான் என் முனைவர் பட்ட ஆய்வு. ஆறு ஆண்டு உழைப்பு. ஆய்வேடு, இந்தியப் பல்கலைக்கழக ஆய்வேடுகளைச் சேமிக்கும் சோத்கங்கா இணையதளத்தில் இருக்கிறது. கல்லூரி நூலகத்தில் கெட்டி அட்டை போட்ட ஒரு படியும் இருக்கிறது. ஆனால் அதிலிருந்து ஒரு பக்கத்தைக்கூட வகுப்பில் பேச எனக்கு மணி நேரம் கிடையாது. எங்கள் கல்லூரி பல்கலைக்கழகத்தின் இணைப்புக் கல்லூரி. என்ன பாடம், எத்தனை அலகு, எந்த நூல் என்பதையெல்லாம் பல்கலைக்கழகப் பாடத்திட்டக் குழு முடிவு செய்யும்; நாங்கள் நடத்துவோம். வாரம் 16 மணி நேரம் வகுப்பு. பிரெஞ்சுப் புரட்சி உண்டு, மௌரியர் உண்டு. ஜன்னலுக்கு வெளியே தெரியும் தேயிலைச் சரிவுக்கு இடமில்லை.

இது எனக்கு மட்டும் உள்ள குறை என்று நினைத்திருந்தேன். ஒரு மழை நாளில் மின்சாரம் போய் ஆசிரியர் அறையில் எல்லோரும் சும்மா உட்கார்ந்திருந்தபோது, யார் யார் என்ன ஆய்வு செய்கிறோம் என்று பேச்சு வந்தது. தாவரவியல் ஆசிரியர், வாட்டில் எனப்படும் சீகை மரம் புல்வெளிகளை எப்படி மூடுகிறது என்று பல வருடங்களாக அளந்துகொண்டிருக்கிறார். தமிழ்த்துறையில் ஒருவர் படுகர் பழமொழிகளைத் திரட்டுகிறார். பக்கத்து நாற்காலியில் இருப்பவரின் ஆய்வு எனக்கே அன்றுதான் தெரியும் என்றால், மாணவர்களுக்கு எப்படித் தெரியும்?

இத்தனைக்கும் இந்த மலை ஆய்வாளர்களை எங்கிருந்தெல்லாமோ இழுத்துவந்த மலை. 1930களின் பிற்பாதியில் மொழியியலாளர் எமெனோ இங்கே தங்கி, தோடர்களும் கோத்தர்களும் பேசியதைக் கேட்டுக் கேட்டு எழுதினார். அவரும் இன்னொரு மொழியியலாளரான பர்ரோவும் 1961-இல் வெளியிட்ட திராவிடச் சொற்பிறப்பியல் அகராதியில் இந்த மலையின் சொற்கள் தமிழ்ச் சொற்களோடு ஒரே பந்தியில் உட்கார்ந்திருக்கின்றன. நீலகிரிச் சதுப்புகளின் கரிமண்ணைத் தோண்டி, அதிலுள்ள கார்பன் ஐசோடோப்புகளை அளந்து, கடந்த 20,000 ஆண்டுகளில் புல்லும் சோலையும் தட்பவெப்பத்துக்கு ஏற்ப மாறி மாறி ஓங்கியதைச் சூழலியலாளர் ராமன் சுகுமாரும் உடன் ஆய்வாளர்களும் 1993-இல் காட்டினார்கள். மனிதன் சோலையை அழித்ததால்தான் புல்வெளி வந்தது என்ற பழைய எண்ணத்தை அது அசைத்துவிட்டது. ஊட்டிக்கு அருகே முத்தோரையில் ஒரு சரிவின் சாய்வு, அந்த இடத்தின் அட்சரேகைக் கோணத்தோடு பொருந்துகிறது. அதனால்தான் 530 மீட்டர் நீளமுள்ள ரேடியோ தொலைநோக்கியை அங்கே நிறுத்தினார்கள். எங்கள் மாணவர்களில் சிலர் அதைத் தினமும் பஸ்ஸில் கடந்து வருகிறார்கள். அது என்னவென்று அவர்களுக்கு யாரும் சொன்னதில்லை.

வழி எங்கே இருக்கிறது என்று தேடியபோது கண்ணில் பட்டது மதிப்புக் கூட்டுப் பாடம். குறைந்தது 30 மணி நேரம் நடத்தினால், கல்லூரிகளின் தரத்தை அளக்கும் தேசிய அமைப்பான நாக்கின் மதிப்பீட்டில் அது கல்லூரியின் கணக்கில் சேரும். பல்கலைக்கழக மதிப்பெண் பட்டியலில் வராது. கல்லூரியே சான்றிதழ் தரும். அதனால் பாடத்திட்டத்தைக் கல்லூரிக்குள்ளேயே வகுத்துக்கொள்ளலாம். துறைக் கூட்டம், உள்தர உறுதிக் குழு, கல்லூரிக் குழு ஆகிய மூன்று படிகள். எங்கள் கல்லூரியில் அதுவரை இந்த வழியில் நடந்தவை ஆங்கிலப் பேச்சுப் பயிற்சியும் டேலி என்ற கணக்கு மென்பொருள் பயிற்சியும் மட்டுமே.

முதல் விண்ணப்பத்தை நான் ஓர் இரவில் எழுதிக் கொடுத்தேன். அதுதான் என் தவறு. ‘இந்திய வம்சாவளித் தமிழர் வரலாறு’ என்று தலைப்பு. என் ஆய்வேட்டின் ஐந்து இயல்களை ஐந்து அலகுகளாக்கி, ஆறாறு மணி நேரமாகப் பிரித்திருந்தேன். மூன்று வாரம் கழித்து ஒரு வரியில் பதில் வந்தது: பரிசீலிக்க இயலவில்லை. நேரில் போய்க் கேட்டபோதுதான் காரணங்கள் வெளிவந்தன. பாடநூல் இல்லை. தலைப்பு அரசியலாகத் தெரிகிறது. மாணவருக்கு இதனால் என்ன வேலை கிடைக்கும்? மதியம் மூன்றரைக்கு மேல் வகுப்பு வைத்தால் பந்தலூர்ப் பக்கம் போகிறவர்கள் எப்படி வீடு சேர்வார்கள்? முதல் மூன்று கேள்விகளும் என்னைக் கோபப்படுத்தின. நான்காவது கேள்வி என்னை வெட்கப்பட வைத்தது. யாருக்காக இந்தப் பாடத்தைக் கேட்டேனோ அவர்கள் வீடு திரும்பும் பஸ்ஸைப் பற்றி நான் யோசிக்கவே இல்லை.

அந்தப் பருவம் முழுக்க விண்ணப்பத்தைத் தொடவில்லை. மறுபடி எடுக்க வைத்தவள் இரண்டாம் ஆண்டு மாணவி ஒருத்தி. அரசியலமைப்பில் குடியுரிமைப் பகுதியை நடத்திக்கொண்டிருந்தேன். வகுப்பு முடிந்ததும் வந்து, “மேடம், அண்ணனுக்குச் சாதிச் சான்றிதழ் வாங்கப் போனால் மண்டபம் அட்டை எங்கே என்று கேட்கிறார்கள். பாட்டி ஒரு பிளாஸ்டிக் உறையில் நிறைய காகிதம் வைத்திருக்கிறார். அதில் எது மண்டபம் அட்டை என்று எங்களுக்குத் தெரியவில்லை. பார்த்துச் சொல்வீர்களா?” என்றாள்.

மறுநாள் அந்த உறையைக் கொண்டுவந்தாள். கண்டியில் இருந்த இந்தியத் துணைத் தூதரகம் வழங்கிய பாஸ்போர்ட், குடும்பமாக நின்று எடுத்த புகைப்படத்தோடு. கப்பலில் வந்து இறங்கியவர்களை முதலில் தங்கவைத்த மண்டபம் முகாமில் தந்த குடும்ப அட்டை; மண்டபம் அட்டை என்பது இதுதான். மடிப்புகளில் கிழிந்து, பின்பக்கம் தாள் ஒட்டப்பட்ட ஒரு தோட்டச் சான்று. நான் காப்பகங்களில் எழுதிக் கொடுத்துக் காத்திருந்து பார்த்த வகைக் காகிதங்கள். பட்டப்படிப்பு வரலாற்று மாணவி அவள். தன் வீட்டு அலமாரியில் இருக்கும் ஆவணத்தை வாசிக்க நாங்கள் அவளுக்குக் கற்றுத்தரவில்லை.

இரண்டாவது விண்ணப்பத்தை நாற்பது நாள் எழுதினேன். தலைப்பை ‘குடும்ப ஆவணங்களை வாசித்தல்’ என்று மாற்றினேன். என்ன கற்பிப்பேன் என்பதைப் பின்னுக்குத் தள்ளி, மாணவர் என்ன செய்யக் கற்றுக்கொள்வார் என்று எழுதினேன்: ஆவணத்தின் தேதி, வழங்கிய அலுவலகம், முத்திரை ஆகியவற்றை இனங்காணல், வாய்மொழித் தகவலை எழுத்து ஆவணத்தோடு ஒப்பிடல், பேட்டி எடுத்து எழுத்தாக்கல், பத்துப் பக்கக் குறிப்பேடு ஒன்றைத் தயாரித்தல். கற்றல் விளைவுகளைக் கட்டம் போட்டுக் காட்டும் அட்டவணையை நான் வெறும் சடங்கு என்று நினைத்திருந்தேன். நிரப்ப உட்கார்ந்தபோது, என் பழைய திட்டத்தில் மாணவருக்கு வேலையே இல்லை, முப்பது மணி நேரமும் நானே பேசுவதாக இருந்தது என்பது தெளிவாகிவிட்டது. பாடநூல் இல்லை என்பதற்குப் பதிலாக, படிக்க வேண்டிய அரசு ஆவணங்களின் பட்டியலும் அவற்றின் நகல்களும் இணைத்தேன். தாவரவியல், தமிழ் ஆசிரியர்களிடம் தலா மூன்று மணி நேரம் வாங்கிக்கொண்டேன். தோட்டம் வருவதற்கு முன் இந்த நிலம் எப்படி இருந்தது, யாருடைய சொற்களில் அழைக்கப்பட்டது என்று தெரியாமல் தோட்டத்தின் கதையைத் தொடங்க முடியாது. வகுப்பு சனிக்கிழமை காலை பத்து முதல் ஒன்று வரை, பத்து வாரம். கடைசியாக ஒரு சம்மதப் படிவம்: மூத்தவர்கள் விரும்பினால் மட்டுமே பேட்டி, பெயரும் அட்டை எண்ணும் மறைக்கப்படும், மூலக் காகிதம் வீட்டை விட்டு வெளியே வர வேண்டியதில்லை. இந்தப் படிவத்தைப் படித்த பிறகுதான் குழுவில் ஒருவரின் முகம் இளகியது. அரசியல் என்று முன்பு சொன்னவரும் அவர்தான்.

அனுமதி கிடைத்தது. 23 பேர் பெயர் கொடுத்தார்கள். 17 பேர் முடித்தார்கள்.

முதல் சில வாரங்கள் பின்னணிக்கே போயின. 1948-இல் இலங்கை நிறைவேற்றிய குடியுரிமைச் சட்டம் தோட்டத் தமிழர்களில் மிகப் பெரும்பான்மையோரை நாடற்றவர்களாக்கியது. 1964 அக்டோபர் 30-இல் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் கையெழுத்திட்ட ஒப்பந்தம் 9,75,000 பேரைப் பங்கிட்டது: இந்தியாவுக்கு 5,25,000, இலங்கைக்கு 3,00,000. மிஞ்சிய 1,50,000 பேரை 1974-இல் இரு நாடுகளும் பாதிப் பாதியாகப் பிரித்துக்கொண்டன. கரும்பலகையில் கூட்டிக் கழித்துக் காட்டியபோது ஒரு மாணவன், “மேடம், இதில் எங்கள் தாத்தா எந்த எண்ணில் வருவார்?” என்று கேட்டான். கண்டுபிடித்து வா என்று சொன்னேன். அதுவே அவனுடைய குறிப்பேடாயிற்று.

நான் சொல்ல விரும்புவது அதற்கடுத்த வாரங்களைப் பற்றி. ஒரு மாணவி, தன் பாட்டி 1971-இல் கப்பலில் தனுஷ்கோடி வந்து இறங்கியதாகப் பேட்டியில் சொன்னதை எழுதி வந்தாள். வகுப்பே கையைத் தூக்கியது. ஒப்பந்தம் கையெழுத்தான இரண்டே மாதத்தில், 1964 டிசம்பர் 22 இரவில், தனுஷ்கோடியைப் புயல் அழித்துவிட்டது. ஒப்பந்தத்தின்படி வந்தவர்கள் தலைமன்னாரிலிருந்து ராமேஸ்வரத்துக்குத்தான் வந்தார்கள். அப்படியானால் பாட்டி பொய் சொன்னாரா? பிழையாக நினைவு வைத்திருக்கிறாரா? அந்தப் பெண்ணின் முகம் சுருங்கியது. மறுபடி போய் மெதுவாகக் கேட்டு வா, கப்பலிலிருந்து இறங்கியதும் முதலில் என்ன கண்ணில் பட்டது என்று கேள், என்றேன். அடுத்த சனிக்கிழமை ஓடி வந்தாள். தனுஷ்கோடி, பாட்டியின் அப்பா இலங்கைக்குப் போகும்போது கப்பல் ஏறிய இடம். சிறுமியாக இருந்தபோது அப்பா சொல்லக் கேட்டது, தான் திரும்பி வந்த பயணத்தோடு இத்தனை ஆண்டுகளில் மனதுக்குள் ஒன்றாகிவிட்டது. போன வழியையும் வந்த வழியையும் அந்தப் பேத்திதான் பிரித்தெடுத்தாள். தேதியையும் நினைவையும் ஒன்றோடொன்று உரசிப் பார்ப்பது எப்படி என்று நான் பல ஆண்டுகளாக வகுப்பில் விளக்கியிருக்கிறேன்; இப்படி யாருக்கும் விளங்கவைத்ததில்லை.

அதைவிடப் பெரியது குடும்ப அட்டைகளில் வந்தது. 1968-இல் வனத்துறை வழியாக அரசு தேயிலைத் தோட்டங்களைத் தொடங்கியதையும், பின்னால் டேன்டீ (தமிழ்நாடு தேயிலைத் தோட்டக் கழகம்) ஆன அந்தத் தோட்டங்களில் தாயகம் திரும்பியோர் குடியமர்த்தப்பட்டதையும் மையமாக வைத்தே என் ஆய்வேட்டை எழுதியிருந்தேன். அரசுத் திட்டத்தால் மலைக்கு வந்தவர்கள் என்பது என் முடிவு. 17 பேரில் 11 பேர் வீட்டில் அட்டை இருந்தது. மறுவாழ்வு இடம் என்று அச்சிட்ட கட்டத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று வரிசையாகப் பலகையில் எழுதச் சொன்னேன். திருச்சி. சேலம். மதுரை. மறுபடி திருச்சி. தொழில் கடன் என்று ஒன்றில், தொழில் கடன் என்று இன்னொன்றில். நீலகிரி என்று இருந்தவை நான்குதான்.

கொழுந்து பறித்தே பழகிய கைகளுக்குச் சமவெளியில் கடை வைக்கச் சொல்லிக் கடன் கொடுத்திருக்கிறார்கள். கடை நிற்கவில்லை. மலையில் யாரோ ஒரு சித்தப்பா, ஒரு மாமன் மகள் இருப்பதாகக் கேள்விப்பட்டு, பெட்டியைத் தூக்கிக்கொண்டு தாங்களாகவே மேலே ஏறியிருக்கிறார்கள். கோத்தகிரிக்கு அருகே ஒரு லைன் வீட்டில் ஒரு மாணவனின் பாட்டி என்னிடம், “டீச்சரம்மா, எங்களை யாரும் இங்கே கொண்டுவந்து விடவில்லை. குளிரைத் தேடி நாங்களே வந்தோம்” என்றார். என் ஆய்வேட்டில் நான் நேர்கண்டவர்கள் எல்லோரும் டேன்டீ குடியிருப்புகளில் இருந்தவர்கள். அங்கே போய்க் கேட்டால் அரசுத் திட்டத்தின் கதைதான் கிடைக்கும். தேர்வாளர்களோ நானோ அந்த ஓட்டையைப் பார்க்கவில்லை. பலகையில் எழுதப்பட்ட ஊர்ப் பெயர்கள் பார்க்கவைத்தன.

பாடம் நடத்த நினைக்கிறவர்களுக்கு இரண்டு செய்திகள். விண்ணப்பத்தைக் கொடுத்துவிட்டுக் காத்திருக்காதீர்கள். குழுவில் இருப்பவர்களைத் தனித்தனியாகப் பார்த்து, என்ன தடை என்று எழுத்துக்கு முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். பயணச் செலவுக்குத் தனித் தலைப்பில் சிறு தொகை கேளுங்கள். நான் கேட்காமல் விட்டதால், வீடு வீடாகப் போன பஸ் கட்டணத்தை மாணவர்களே போட்டுக்கொண்டார்கள். படிப்புச் செலவே திணறலாக இருக்கும் பிள்ளைகள் அவர்கள். அது எனக்கு இன்றும் உறுத்துகிறது.

சான்றிதழ் கொடுத்த நாளில் மேடை எதுவும் இல்லை. துறை அறையிலேயே கொடுத்தோம். முதலில் உறையைக் கொண்டுவந்த மாணவி அன்று தன் பாட்டியையும் அழைத்து வந்திருந்தாள். அண்ணனுக்கு இன்னும் சான்றிதழ் வரவில்லை. ஆனால் எந்த அலுவலகத்தில் எந்தக் காகிதத்தைக் காட்ட வேண்டும் என்று அவளே எழுதிக் கொடுத்து அனுப்பியிருக்கிறாள்.

இந்த ஆண்டுக்கான விண்ணப்பம் மேசையில் இருக்கிறது. பயணச் செலவைச் சேர்த்துவிட்டேன். நான்காம் அலகின் தலைப்பு ‘அரசுக் குடியேற்றம்’ என்று இருந்தது. அதை அடித்துவிட்டு, ‘மலைக்கு வந்த வழிகள்’ என்று எழுதியிருக்கிறேன். தாவரவியல் ஆசிரியர் சீகை மரத்தைப் பற்றித் தனியாக ஒரு பாடத்துக்கு எழுதிக்கொண்டிருக்கிறார். நேற்று மாலை வந்து, கற்றல் விளைவு அட்டவணையை எப்படி நிரப்பினேன் என்று கேட்டு என் நகலை வாங்கிப் போனார்.