250 பெட்டிகளும் ஒரு பவானி ஜமக்காளமும்

முன்பு ஈரோட்டில் ஓர் ஓவிய வகுப்புக்கு ஆறு மாதம் போனேன். போட்டோவில் கட்டம் போட்டு, சார்ட்டில் அதையே பெரிதாகப் போட்டு, கட்டம் கட்டமாகப் பார்த்து வரையச் சொல்லிக் கொடுத்தார்கள். படம் அச்சு அசலாக வரும். ஆனால் அடுப்படியில் இருக்கிற சொம்பைப் பார்த்து வரை என்றால் கை ஓடாது. அந்தக் குறை மனதில் கிடந்தது. போன வருடம் பவானியில் அம்மிச்சி (அம்மாவின் அம்மா) வீட்டோடு வந்த பிறகு, இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் ‘ட்ரா எ பாக்ஸ்’ பாடங்களை முதலிலிருந்து ஆரம்பித்தேன்.

பென்சில், ரப்பர் கிடையாது. ஃபைன்லைனர் என்கிற 0.5 மில்லிமீட்டர் மெல்லிய முனைப் பேனாவும் ஏ4 தாளும் போதும். அழிக்க முடியாததால் யோசித்துவிட்டுத்தான் கோடு போட முடியும். இரண்டு புள்ளி வைத்து, பேனா தாளில் படாமல் நாலைந்து தடவை ஓட்டிப் பார்த்து, அப்புறம் ஒரே வீச்சில் இழுக்க வேண்டும். கையின் அசைவு மணிக்கட்டிலிருந்து அல்ல, தோளிலிருந்து வர வேண்டும். முதல் வாரம் தோள்பட்டை வலித்தது, கோடெல்லாம் புள்ளியைத் தாண்டிப் போனது. தாண்டினாலும் பரவாயில்லை, நடுங்காமல் போகட்டும் என்று பாடத்தில் சொல்லியிருந்தது பெரிய தைரியம்.

நீள்வட்டம் போட்டால் முனை மாவிலை நுனி மாதிரி கூராகிவிடும். பேனாவை எடுக்காமல் இரண்டு சுற்று சுற்றினால் சரியாக உருண்டு வருகிறது. சொம்பின் வாயைக் கண்ணுக்கு நேரே பிடித்தால் வெறும் கோடு. கீழே இறக்க இறக்க விரிகிறது. தினமும் தண்ணீர் மொண்டு குடிக்கிற சொம்பை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

அடுத்தது 250 பெட்டிகள் வரைகிற பயிற்சி. ஒவ்வொன்றும் ஒவ்வொரு பக்கம் திரும்பியிருக்க வேண்டும். தாளில் ஒரு பக்கம் நிரம்பியதும் பெட்டிகளின் விளிம்புகளை வேறு நிறப் பேனாவால் பின்னோக்கி நீட்டிப் பார்க்க வேண்டும். ஒரே திசையில் போகிற நான்கு கோடுகளும் தூரம் போகப் போக நெருங்கினால் பெட்டி சரி. எனக்கு விரிந்துகொண்டே போயின. 60 பெட்டி வரை அதே தப்பு.

ஒரு மதியம் அம்மிச்சி கூடத்தில் ஜமக்காளம் விரித்துப் படுத்திருந்தார். நான் அதன் ஓரத்தில் தரையில் உட்கார்ந்திருந்தேன். என் காலடியில் அகலமாக இருந்த சிவப்பும் பச்சையுமான பட்டைகள் சுவர்ப் பக்கம் போகப் போக ஒடுங்கின. எழுந்து நின்றேன், ஒடுக்கம் குறைந்தது. குனிந்தேன், கூடியது.

“என்ன கண்ணு, ஜமக்காளத்தையே பாத்துட்டிருக்கே? பூச்சி கீச்சி இருக்குதா?”

“கோட்டப் பாக்கறனுங்க அம்மிச்சி.”

எந்தப் பட்டையும் பக்கத்துப் பட்டையை மட்டும் பார்த்து ஒடுங்கவில்லை, எல்லாம் சேர்ந்து ஒரே இடத்தை நோக்கிப் போயின. நானோ ஒவ்வொரு கோட்டையும் பக்கத்துக் கோட்டோடு மட்டும் ஒப்பிட்டுவிட்டு, பின் மூலையைக் கடைசியில் எப்படியோ அடைத்துக்கொண்டிருந்தேன். அன்றிலிருந்து நான்கையும் சேர்த்து யோசித்த பிறகே பேனாவைத் தாளில் வைத்தேன். தினம் இரண்டு பெட்டி வீதம் நாலு மாதத்துக்கு மேல் ஆனது.

வரைகிற நேரத்தில் பாதியை, பயிற்சியை விட்டுவிட்டு ஆசைப்பட்டதை வரையச் செலவிட வேண்டும் என்றும் அந்தப் பாடத்தில் ஒரு விதி உண்டு. புதிதாக ஆரம்பிக்கிறவர்கள் தயவுசெய்து இதை விட்டுவிடாதீர்கள். வெறும் பெட்டியாகவே போட்டிருந்தால் நான் நூறைத் தாண்டியிருக்க மாட்டேன்.

கடைசிப் பெட்டியை முடித்த மறுநாள் காலை, காவிரியும் பவானி ஆறும் சேர்கிற கூடுதுறைக்குப் போய், போட்டோ எதுவும் இல்லாமல், படித்துறையைப் பார்த்தே வரைந்தேன். நாலாவது படி கொஞ்சம் விரிந்துவிட்டது. சிவப்புப் பேனாவைக் கையோடு கொண்டு போயிருந்தேன்.