டோக்கியோ வார இதழிலிருந்து திருநெல்வேலித் திரைக்கு

2025 செப்டம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, பத்தாம் வகுப்பு படிக்கும் என் அக்காள் மகனை அழைத்துக்கொண்டு திருநெல்வேலியில் ஒரு திரையரங்குக்குப் போயிருந்தேன். 'டீமன் ஸ்லேயர்' என்னும் ஜப்பானியத் தொடரின் 'இன்ஃபினிட்டி காசில்' படம், தமிழ்க் குரலில் ஓடிக்கொண்டிருந்தது. முன்வரிசைப் பையன்கள் ஒவ்வொரு வீரனும் திரைக்கு வருவதற்கு முன்பே அவன் பெயரைக் கூவிக் கைதட்டினார்கள். அந்தக் கூட்டத்தில் யார் எவர் என்று கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டிய நிலையில் இருந்தவன் நான் ஒருவன்தான். டோக்கியோவின் ஒரு வார இதழில், மலிவான தாளில் கறுப்பு வெள்ளையாக அச்சான படக்கதை தாமிரபரணிக் கரைவரை எப்படி வந்து சேர்ந்தது என்ற கேள்வி அன்று பாளையங்கோட்டைக்குத் திரும்பும் பேருந்தில் என்னைப் பிடித்துக்கொண்டது. அதன்பின் பல நாட்கள் அதைப் பற்றியே படித்துக்கொண்டிருந்தேன்.

ஒரே கதை பல வடிவம் எடுப்பது நம் பக்கத்துக்குப் புதிதன்று. சுடலைமாடன் கதையைச் சிறுவயதில் கொடை விழாவில் வில்லுப்பாட்டாகக் கேட்டேன். கணியான் கூத்தில் மகுடம் என்னும் தோற்கருவி அதிர அதே கதையைக் கேட்டேன். பின்னர் அது ஒலிநாடாவாகித் தேநீர்க் கடைகளில் ஒலித்தது. ஆனால் சுடலைமாடன் கதைக்கு உரிமையாளர் என்று எவரும் இல்லை. பாடத் தெரிந்தவர் பாடினார், ஆடத் தெரிந்தவர் ஆடினார். மங்கா எனப்படும் ஜப்பானியப் படக்கதை உலகத்தில் ஒரு கதை அடுத்த வடிவத்துக்குள் காலெடுத்து வைக்கும் ஒவ்வொரு முறையும் ஓர் ஒப்பந்தம் எழுதப்படுகிறது, பங்கு பிரிக்கப்படுகிறது. எனக்கு வியப்பளித்தது கதையைவிட இந்தக் கணக்குதான்.

கணக்கு வார இதழில் தொடங்குகிறது. ஷூயிஷா நிறுவனம் 1968இல் தொடங்கிய 'ஷோனென் ஜம்ப்' இதழ், 1990களின் நடுவில் ஓர் இதழுக்கு 65 இலட்சம் படிகளுக்கு மேல் அச்சடித்தது. அது படித்துவிட்டுத் தூக்கிப் போடுவதற்கான இதழ். எந்தக் கதை பிடித்தது என்று வாசகர்கள் அஞ்சலட்டையில் எழுதி அனுப்புவார்கள். தொடர்ந்து பின்தங்கும் கதை சில மாதங்களிலேயே நிறுத்தப்படும். தப்பிப் பிழைக்கும் கதையின் அத்தியாயங்களே தொகுக்கப்பட்டு, 'டாங்கோபோன்' என்னும் சிறு நூல்களாக வெளிவருகின்றன. இதைப் படித்தபோது எனக்கு அம்மாவின் நினைவு வந்தது. வார இதழ்களிலிருந்து தொடர்கதைப் பக்கங்களைக் கிழித்தெடுத்து, வாரம் தவறாமல் அடுக்கி வைத்து, முடிந்ததும் டவுனில் பைண்டு செய்யும் கடையில் கொடுத்து அட்டை போட்டு வாங்கி வருவார். நம் வீட்டுப் பெண்கள் தங்கள் காசில் செய்துகொண்ட வேலையை அங்கே பதிப்பகம் தானே செய்து, இரண்டாவது முறையாகவும் விற்கிறது.

'டீமன் ஸ்லேயர்' கதையை கொயோஹாரு கொதோகே 2016 பிப்ரவரி முதல் 2020 மே வரை அந்த இதழில் வரைந்தார். நூல்கள் மொத்தம் 23. 2019 ஏப்ரலில் அதன் அனிமே, அதாவது ஜப்பானிய அசைபடத் தொடர், தொலைக்காட்சியில் தொடங்கியபோது அச்சிலிருந்த படிகள் நாற்பது இலட்சத்தைக்கூட எட்டவில்லை; 2021இன் தொடக்கத்தில் அந்த எண்ணிக்கை 15 கோடியாகிவிட்டது. இடையில் 2020 அக்டோபரில் வந்த 'முகென் ட்ரெயின்' படம், ஜப்பானில் அதுவரை மிக அதிகமாக வசூலித்திருந்த 'ஸ்பிரிட்டட் அவே' படத்தைப் பின்தள்ளியது. அனிமே தானும் ஈட்டுகிறது என்றாலும், நூலுக்கான மிகப் பெரிய விளம்பரமும் அதுவே என்பதை இந்த எண்கள் காட்டுகின்றன. கல்கி 1950இல் எழுதத் தொடங்கிய பொன்னியின் செல்வன் திரைக்கு வர 2022 ஆயிற்று. இந்தக் கதையோ தொடங்கிய மூன்றே ஆண்டுகளில் தொலைக்காட்சிக்குப் போய்விட்டது. வாசகர் சூடு ஆறுவதற்குள் அடுத்த பந்தியைப் பரிமாறிவிடுகிறார்கள்.

இதற்கான பணத்தை ஒருவர் மட்டும் போடுவதில்லை. பதிப்பகம், தொலைக்காட்சி நிலையம், இசை நிறுவனம், பொம்மை நிறுவனம், விளம்பர நிறுவனம் எனப் பலர் கூடித் 'தயாரிப்புக் குழு' ஒன்றை அமைத்து, நட்டத்தையும் இலாபத்தையும் பங்கிட்டுக்கொள்வதே அங்கு வழக்கம். 'டீமன் ஸ்லேயர்' குழுவில் மூவர்தான் இருந்தனர்: ஷூயிஷா, அனிபிளெக்ஸ், படத்தை வரைந்த யூஃபோடேபிள். பெரிய தொலைக்காட்சி நிலையம் எதுவும் பங்காளியாக இல்லாததால், கதையை ஒரே அலைவரிசைக்குள் பூட்டி வைக்கும் கட்டாயம் இல்லாமல் போயிற்று. பல உள்ளூர் நிலையங்களுக்கும் இணையத் தளங்களுக்கும் ஒருசேரக் கொடுத்தார்கள். அனிபிளெக்ஸ் சோனி குடும்பத்து நிறுவனம். நாங்கள் பார்த்த படத்தை இந்தியாவுக்குக் கொண்டுவந்த கிரஞ்சிரோலும் 2021 முதல் அதே குடும்பத்தில்தான் இருக்கிறது. கயிற்றின் ஒரு நுனி டோக்கியோவில், மறுநுனி நாங்கள் அமர்ந்திருந்த அரங்கின் திரையில்.

வரைந்தவருக்கு என்ன கிடைக்கிறது? 'தெர்மே ரோமே' என்ற மங்காவை வரைந்த மாரி யமாசாகி, 2012இல் வந்த அதன் திரைப்படம் ஐந்நூறு கோடி யென்னுக்கு மேல் வசூலித்தும் தமக்குக் கிடைத்த உரிமைத் தொகை ஏறத்தாழ பத்து இலட்சம் யென்தான் என்று வெளிப்படையாகச் சொன்னபோது ஜப்பானில் பெரும் விவாதம் எழுந்தது. நூல் விற்பனையில் கிடைக்கும் பங்குதான் அவர்களுக்கு உண்மையான வருமானம் என்பதால், படம் ஓடினால் நூலும் விற்கும் என்ற நம்பிக்கையிலேயே பலர் கையெழுத்திடுகிறார்கள். இந்த ஏற்பாடு எனக்கு நியாயமாகப் படவில்லை.

கடல் கடந்த கதை பழையது. ஒசாமு தெசுகாவின் 'ஆஸ்ட்ரோ பாய்' 1952இல் மங்காவாகப் பிறந்து, 1963 சனவரி 1 அன்று தொலைக்காட்சிக்கு வந்து, அதே ஆண்டில் அமெரிக்காவையும் எட்டியது. செலவைவிடக் குறைந்த விலைக்கே தெசுகா அதை நிலையத்துக்குக் கொடுத்தார். குறைந்த பணத்தைப் பொம்மைகளும் மிட்டாயோடு வந்த ஒட்டுப்படங்களும் ஈடுகட்டின. நூல்களுக்கு வேறொரு தடை இருந்தது. ஜப்பானியப் பக்கம் வலமிருந்து இடமாக ஓடும் என்பதால், தொடக்ககால அமெரிக்கப் பதிப்பகங்கள் பக்கங்களைக் கண்ணாடிப் பிம்பம்போலத் திருப்பி அச்சிட்டன. வலக்கை வாள்வீரர்கள் எல்லாரும் இடக்கையர் ஆனார்கள். 2000த்தை ஒட்டிய ஆண்டுகளில்தான் திருப்பாமலே அச்சிடுவது வழக்கமாயிற்று. திருப்பும் செலவு மிச்சமாயிற்று, வாசகர்களும் அதையே அசல் என்று கொண்டாடினார்கள். புத்தகத் திருவிழாவில் நானூறு ரூபாய்க்கு மேல் கொடுத்து வாங்கிய முதல் நூலை நான் வழக்கம்போல் பிரித்தபோது, "மாமா, நீங்க கடைசிப் பக்கத்துல இருந்துல்லா வாசிக்கிய!" என்று மருமகன் சிரித்தான்.

எதை மாற்றுவது, எதை விடுவது என்பதற்குப் பொதுவிதி இல்லை. முன்பு கொரியாவை ஆண்ட ஜப்பானியப் படையின் உதயசூரியக் கொடியை நினைவூட்டியதால், 'டீமன் ஸ்லேயர்' கதாநாயகன் தஞ்சிரோவின் காதணிக் கோலத்தைத் தென் கொரியாவுக்காக மாற்றி வரைந்தார்கள். இந்தியாவுக்காகச் செய்த மாற்றம் இன்னும் பெரிது. பேஸ்பால் பற்றிய 1960களின் 'கியோஜின் நோ ஹோஷி' மங்காவை, 2012இல் மும்பைச் சிறுவன் ஒருவனின் கிரிக்கெட் கதையாக்கி 'சூரஜ்: தி ரைசிங் ஸ்டார்' என்று ஒளிபரப்பினார்கள். அது இங்கே வேரூன்றவில்லை. அடையாளம் எதையும் மறைக்காமல் வந்த டோரேமானும் ஷின் சானும்தான் நம் வீட்டுப் பிள்ளைகள் ஆனார்கள். ஷின் சான் தமிழில் பேசிய குறும்புக்கு எங்கள் தெருவிலேயே நாலைந்து நகல்கள் உண்டு. ஊரை மாற்ற வேண்டியதில்லை, பேச்சை மாற்றினால் போதும் என்பதை 'இன்ஃபினிட்டி காசில்' வெளியீட்டாளர்கள் புரிந்துகொண்டதாகத் தோன்றுகிறது. இந்தியாவில் அதை ஜப்பானிய மொழியோடு தமிழ், தெலுங்கு, இந்தி, ஆங்கிலக் குரல்களிலும் வெளியிட்டார்கள்.

ஆக, ஜப்பானில் முதலில் பிறந்த நூல் எங்கள் வீட்டுக்குக் கடைசியாகத்தான் வந்து சேர்ந்தது, அதுவும் ஆங்கிலத்தில். தமிழில் போட்டால் என்ன என்று மருமகன் கேட்டான். தீபாவளி விடுமுறையில் இருவருமாக ஒரு பக்கத்தை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தோம். ஜப்பானிய எழுத்து மேலிருந்து கீழாக ஓடுவதால் பேச்சுக் குமிழ்கள் ஒடுங்கி உயரமாக இருக்கின்றன. அவற்றுக்குள் 'காப்பாற்றிக்கொண்டிருக்கிறேன்' என்ற ஒற்றைச் சொல்லை நுழைப்பதற்குள் பென்சில் முனை இருமுறை ஒடிந்தது. மூன்று துண்டாக வெட்டினால் படிக்க முடியவில்லை, எழுத்தைச் சிறிதாக்கினால் எறும்பு ஊர்ந்ததுபோல் இருந்தது. "பேசுத மாதிரியே எழுதிருவோம் மாமா" என்று அவன் 'காப்பாத்துதேன்' என்றான். அது பொருந்தியது.

ஓசைச் சொற்களில் மட்டும் எங்களுக்குச் சிரமமே இல்லை. ஜப்பானிய ஓவியர்கள் ஓசையைப் படத்தோடு சேர்த்தே வரைகிறார்கள். ஆங்கிலப் பதிப்பு திணறியிருந்த இடங்களில் சடசட, கிடுகிடு, சரேல், பளீர் என்று தமிழ் தானாகவே வந்து உட்கார்ந்தது. ஜப்பானியர்கள் நிசப்தத்துக்கும் ஓர் ஓசை வைத்திருக்கிறார்கள். யாரும் பேசாத கட்டத்தில் 'ஷீன்' என்று எழுதுவார்கள். அதற்கு ஒரு தமிழ்ச் சொல் வேண்டும் என்று அவன் இன்னமும் கேட்டுக்கொண்டிருக்கிறான். இப்போதைக்கு அந்தக் கட்டத்தை வெறுமையாக விட்டிருக்கிறோம்.