கே சின்னது, டபிள்யூ பெரிசு

கோயமுத்தூரில் ஒரு பம்ப் கம்பெனியின் மார்க்கெட்டிங் பிரிவில் நான் சேர்ந்த புதிது. டீலர் மீட்டிங்குக்கு 38 ஸ்லைடு தயார் செய்யும் வேலை என்னிடம் வந்தது. கம்பெனிக்கென்று ஒரு பவர்பாயின்ட் டெம்ப்ளேட் வைத்திருந்தார்கள். அதில் தலைப்பில் எதை அடித்தாலும் எல்லாம் கேப்பிட்டல் எழுத்தாக வந்து நிற்கும். எனக்கு அது பிடிக்கவில்லை. ஷிஃப்டும் எஃப்3-யும் சேர்த்து அழுத்தினால் எழுத்து சின்னதும் பெரிசுமாக மாறும் என்று தெரியும். அழுத்தினேன், ஒன்றும் மாறவில்லை. ஒவ்வொரு தலைப்பிலும் மறுபடி மறுபடி அழுத்திப் பார்த்து ஒரு சாயங்காலமே போனது.

காரணம் பிறகுதான் பிடிபட்டது. டெம்ப்ளேட்டின் ஸ்லைடு மாஸ்டரில், அதாவது எல்லா ஸ்லைடின் தோற்றத்தையும் தீர்மானிக்கும் மூல ஸ்லைடில், ஃபான்ட் அமைப்புக்குள் ‘ஆல் கேப்ஸ்’ என்று ஒரு டிக் இருந்தது. அது நாம் அடித்த எழுத்தைத் தொடாது, பார்வைக்கு மட்டும் பெரிசாகக் காட்டும். நான் அழுத்திய ஷிஃப்ட்-எஃப்3, அதாவது ‘சேஞ்ச் கேஸ்’, அப்படியல்ல, அடித்த எழுத்தையே மாற்றிவிடும். ஆக, ஒன்றும் நடக்கவில்லை என்று நான் நினைத்த ஒவ்வொரு அழுத்தலுக்கும் உள்ளே எழுத்து மாறிக்கொண்டேதான் இருந்திருக்கிறது. டிக்கை எடுத்ததும் சில தலைப்புகள் முழுக்கச் சின்ன எழுத்து, சில முழுக்கப் பெரிசு. சரி, எல்லாவற்றையும் ஒரே மாதிரி ஆக்கிவிடலாம் என்று, ஒவ்வொரு சொல்லின் முதல் எழுத்தையும் பெரிதாக்கும் வசதியைத் தலைப்பு, அட்டவணை என்று பார்க்காமல் எல்லா இடத்திலும் போட்டேன். பார்க்க அழகாகவே இருந்தது.

மறுநாள் காலை டெஸ்டிங் பிரிவின் மூத்த இன்ஜினியர் பிரின்ட் எடுத்துப் பார்த்தார். சிவப்புப் பேனாவால் வட்டம் போட்டுக்கொண்டே வந்தவர், “அம்மிணி, இந்த எம் எதுக்குப் பெரிசாச்சு?” என்றார். எனக்குப் புரியவில்லை. பக்கத்தில் உட்காரவைத்துச் சொன்னார். அளவைக் குறியீட்டில் முன்னால் வரும் சின்ன எம் மில்லி, ஆயிரத்தில் ஒரு பங்கு. பெரிய எம் மெகா, பத்து லட்சம் மடங்கு. 150 எம்எம் என்றால் ஆறங்குல போர்வெல். முதல் எம் பெரிசானால் அதுவே ஒன்றரை லட்சம் கிலோமீட்டர். “எந்தத் தோட்டத்துலீங்க அவ்வளவு பெரிய போர்?” என்று கேட்டார். அடுத்தது கிலோவாட். கே சின்னதாக இருக்க வேண்டும், ஏனென்றால் பெரிய கே வெப்பநிலை அலகான கெல்வினுக்கு உரியது. டபிள்யூ பெரிசாக இருக்க வேண்டும், அது ஜேம்ஸ் வாட்டின் பெயரால் வந்த அலகு. ஹெர்ட்ஸுக்கும் அதே கதைதான். 5 ஹெச்பி மோட்டாரின் 3.7 கிலோவாட்டை நான் தலைகீழாக்கி வைத்திருந்தேன். ஐஎஸ் 8034 என்ற சப்மெர்சிபிள் பம்ப் தரக்குறியீட்டில் எஸ் சின்னதாகி, அது வெறும் ஆங்கில வினைச்சொல்லாகக் கிடந்தது.

தமிழில் படித்து வளர்ந்தவள் நான். நம் எழுத்தில் பெரிசு சின்னது கிடையாது. தமிழ் வரியைத் தேர்ந்தெடுத்து எஃப்3-ஐ எத்தனை முறை அழுத்தினாலும் அது அப்படியே இருக்கும். அதனால் ஆங்கிலத்தின் பெரிய எழுத்தை வெறும் அலங்காரமாகவே பார்த்திருக்கிறேன். ஓர் எழுத்தின் உயரத்துக்குள் ஓர் அளவே இருக்க முடியும் என்று அன்றுதான் கண்டேன். டீலர் கையில் போகிற தாளில் அது தப்பாக இருந்தால், பம்பைப் பற்றி நாம் சொல்லும் மற்றதை அவர் எப்படி நம்புவார்?

அதற்கப்புறம் மாஸ்டரைத் திறந்து பார்க்காமல் எந்த டெம்ப்ளேட்டிலும் நான் கை வைப்பதில்லை. ஆட்டோகரெக்ட் தானாகப் பெரிதாக்கிவிடும் இடங்களையும் பார்த்துவிடுவேன். அலகு வரும் அட்டவணையில் சேஞ்ச் கேஸ் பக்கமே போகமாட்டேன், கையால்தான் அடிப்பேன். அடுத்த வருடம் காங்கேயம், தாராபுரம் டீலர்களுக்கான ஸ்லைடுகளில் தலைப்புகளைத் தமிழிலேயே வைத்தேன், எண்களுக்குப் பக்கத்தில் ‘கிலோவாட்’ என்று முழுதாக எழுதி. அந்த இன்ஜினியர் அதையும் பிரின்ட் எடுத்து, கண்ணாடியை மாட்டிக்கொண்டு, 38 பக்கமும் படித்தார். வட்டம் ஒன்றுகூட இல்லை. சிவப்புப் பேனாவை மூடிச் சட்டைப் பையில் சொருகிக்கொண்டு எழுந்து போனார்.