ஐஸ் காசு கழிச்சியா?

மீன்பிடித் தடைக்காலம். பாம்பனில் விசைப்படகெல்லாம் கயிற்றில் ஆடிக்கொண்டிருக்க, நான் லேப்டாப்பில் விண்கலம் ஓட்டிக்கொண்டிருந்தேன்.

1984-இல் வந்த ‘எலைட்’ என்ற விண்வெளி வியாபார கேம். வெறும் 32 கேபி மெமரி இருந்த கம்ப்யூட்டருக்குள் 8 கேலக்ஸி, ஒவ்வொன்றிலும் 256 கோள்!

விவசாயக் கோளில் உணவு வாங்கி, தொழிற்கோளில் விற்கணும். வழியில் கொள்ளையர்.

பின்னால் சித்தப்பா. முப்பது வருசம் படகு ஓட்டியவர்.

“டீசல் யாருது?”

“நாமதான் போடணும்.”

“வெல?”

“அங்க போய் இறங்குனாத்தான் சரியாத் தெரியும்.”

“இங்கயும் அதேதான்டா.”

சுழலும் விண்வெளி நிலையத்தின் வாசலில் மூன்று முறை மோதிச் செத்தேன். அவர் திரையைப் பார்க்கவில்லை, என் விரல்களையே பார்த்தார்.

“அது சுத்துறதுக்குத் தக்கன நீயும் சுத்து. பாலத்தடியில நீவாடு இழுக்கையில தண்ணியோட சண்டையா போடுறோம்?”

நாலாவது முறை உள்ளே போய்விட்டேன்.

சரக்கு விற்று லாபம் காட்டினேன்.

“ஐஸ் காசு கழிச்சியா?”