அப்பாவின் குரலை மீட்க அவர்கள் கேட்ட முகவரி

எங்கள் அப்பா 1991இல் சொந்தப் பணத்தைப் போட்டு ஓர் ஒலிநாடா வெளியிட்டார். பினாங்கில் தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலை ஏறும் காவடிக் குழுக்களுக்குப் பாடிக்கொண்டிருந்தவர் அவர். நாடாவின் ஒரு பக்கத்தில் திருப்புகழ். மறுபக்கத்தில் அவரே எழுதி மெட்டுப் போட்ட காவடிப் பாடல்கள். கோவில் வாசல் கடைகளில் கொஞ்சம் விற்றார், மிச்சத்தைத் தெரிந்தவர்களுக்குக் கொடுத்தார். அவர் காலமான பிறகு, அண்ணன் அந்த நாடாவைக் கணினிக்கு மாற்றி, இரைச்சலை நீக்கி, உலகமே பயன்படுத்தும் ஒரு காணொளித் தளத்தில் ஏற்றினார். சற்று நேரத்திலேயே ஒரு மின்னஞ்சல் வந்தது. இந்த ஒலிப்பதிவு வேறொரு நிறுவனத்துக்குச் சொந்தம். இனி இதில் விளம்பரம் ஓடும், வருமானம் அந்த நிறுவனத்துக்குப் போகும் என்றது அது.

அப்பா முருகனை அழைக்கும் இடத்தில் கடன் அட்டை விளம்பரம் வந்தது. அம்மா அதைக் கேட்டுவிட்டு எழுந்து போய்விட்டார்.

அதன்பின் நாங்கள் கடந்து வந்த வழியை இங்கே எழுதுகிறேன். மலேசியாவில் காவடிக் குழு, உருமி மேளம், பஜனைக் குழு என்று நடத்திய பல குடும்பங்களிடம் இப்படிப்பட்ட பழைய நாடாக்கள் இருக்கின்றன. அவர்களுக்கும் இது நேரலாம்.

முதலில், எப்படி நடந்தது என்பதைக் கண்டுபிடிக்கவே நிறைய நேரம் பிடித்தது. யாரோ ஒருவர் அப்பாவின் நாடாவிலிருந்து பாடல்களை எடுத்து, தலைப்பை மாற்றி, பாடியவர் பெயர் இல்லாமல் ஒரு பக்திப் பாடல் தொகுப்பில் சேர்த்திருக்கிறார். அந்தத் தொகுப்பு இசைத் தளங்களுக்குப் பாடல்களை அனுப்பும் வெளிநாட்டு விநியோக நிறுவனம் ஒன்றின் வழியாகப் போயிருக்கிறது. இப்படிப் போகும் ஒலிப்பதிவுகள் காணொளித் தளத்தின் தானியங்கி ஒப்பீட்டு முறையிலும் பதிவாகிவிடும். ஒலியின் கைரேகை போன்ற ஒன்றை அது எடுத்து வைத்துக்கொள்கிறது. பின்னால் வேறு யார் ஏற்றினாலும், இரண்டும் ஒத்துப்போனால் உரிமைக் கோரல் தானாகவே விழும். ஒத்துப்போகாமல் எப்படி இருக்கும்? இரண்டிலும் பாடுவது எங்கள் அப்பாதானே. முதலில் பதிவுசெய்தது யார் என்பது மட்டுமே அந்த முறைக்குத் தெரியும். பாடியது யார், செலவு செய்தது யார் என்று அது கேட்பதில்லை.

இந்த முதல் கட்டத்தில் எந்த நாட்டின் சட்டமும் இல்லை என்பதைப் பலர் கவனிப்பதில்லை. சட்டப்படி ஒரு பதிவை நீக்கச் சொல்பவர், அறிவிப்பில் உள்ளது உண்மை என்று உறுதி கூறிக் கையெழுத்திட வேண்டும். பொய் சொன்னால் பொறுப்பேற்க வேண்டும். தானியங்கிக் கோரலில் அது எதுவும் கிடையாது. அது தளத்துக்கும் பெரிய நிறுவனங்களுக்கும் இடையேயான தனி ஏற்பாடு. உறுதிமொழி இல்லாமலே அடுத்தவர் பாட்டின் வருமானம் கைமாறுகிறது.

நாங்கள் ஆட்சேபம் தெரிவித்தோம். கோரியவருக்குப் பதில் சொல்ல 30 நாள் அவகாசம். அது முடியும் தறுவாயில், காரணம் எதுவும் இல்லாமல், ஆட்சேபம் நிராகரிக்கப்பட்டது. நிராகரிப்பவரும் அந்த நிறுவனமேதான். நடுவில் தீர்ப்புச் சொல்ல யாரும் இல்லை. மேல்முறையீடு செய்தோம். அதற்கு 7 நாள். இந்த முறை அவர்கள் சட்டப்படி நீக்கக் கோரிக்கை கொடுத்துவிட்டார்கள். காணொளி போனது. அண்ணனின் பக்கத்தின் மேல் ஓர் எச்சரிக்கைப் புள்ளியும் விழுந்தது. 90 நாளுக்குள் இப்படி மூன்று விழுந்தால் பக்கமே மூடப்படும். அதில்தான் எங்கள் உறவினர் வீட்டுத் திருமணங்கள், கோவில் திருவிழாக்கள் எல்லாம் இருந்தன.

இனி இருந்த ஒரே வழி எதிர் அறிவிப்பு, அதாவது நீக்கியது தவறு, திரும்ப வையுங்கள் என்று தளத்துக்கு எழுதிக் கொடுப்பது. 1998இல் அமெரிக்கா கொண்டுவந்த, டிஎம்சிஏ எனப்படும் இணையக் காலப் பதிப்புரிமைச் சட்டத்தின் 512ஆம் பிரிவு வகுத்த வழி அது. படிவத்தைத் திறந்தபோதுதான் எனக்கு உண்மையான கோபம் வந்தது. முழுப் பெயர், வீட்டு முகவரி, தொலைபேசி எண் எல்லாவற்றையும் எழுத வேண்டும். பொய்யென்றால் தண்டனைக்கு உட்படுவேன் என்று உறுதி கூற வேண்டும். அமெரிக்காவுக்கு வெளியே இருப்பவர், தளத்தின் அலுவலகம் இருக்கும் வட்டாரத்தின் அமெரிக்கக் கூட்டரசு நீதிமன்ற அதிகாரத்தை ஏற்பதாகச் சம்மதம் தர வேண்டும். பினாங்கின் ஆயர் ஈத்தாமில் இருந்துகொண்டு கலிபோர்னியா நீதிமன்றத்துக்குக் கட்டுப்படுகிறேன் என்று எழுத வேண்டும். இவ்வளவையும் எழுதி அனுப்பினால், தளம் அதை அப்படியே எதிராளிக்கு அனுப்பிவைக்கும்.

எதிராளியைப் பற்றி எங்களுக்குத் தெரிந்தது ஒரு நிறுவனப் பெயரும் ஒரு மின்னஞ்சல் முகவரியும்தான். அப்பாவின் குரலை எடுத்தவர் எந்த ஊர்க்காரர் என்றுகூட நாங்கள் அறியோம். அவரோ எங்கள் வாசல் எண்வரை அறியப்போகிறார். வீட்டில் இருப்பது நானும் அம்மாவும். நான் வேலைக்குப் போனால் அம்மா தனியாக இருப்பார். வழக்குத் தொடுக்க எதிராளிக்கு ஒரு முகவரி தேவை என்ற நியாயம் எனக்குப் புரிகிறது. ஆனால் அந்த முகவரியைத் தளம் தன்னிடம் வைத்துக்கொண்டு, வழக்குப் போட்டதற்கான சான்றைக் காட்டிய பிறகு கொடுத்தால் என்ன குறைந்துவிடும்? பயமுறுத்தலுக்கு அஞ்சி எத்தனை பேர் தங்கள் சொந்தப் பாட்டைக் கைவிட்டிருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டே அந்தப் படிவத்தை மூடி வைத்தேன்.

வழி காட்டியவர் அண்ணியின் தோழி. பட்டர்வொர்த்தில் வழக்கறிஞராக இருக்கிறார். "உங்கள் சார்பில் வழக்கறிஞர் இந்த அறிவிப்பைக் கொடுக்கலாம். என் அலுவலக முகவரியே போகட்டும்" என்றார். அந்தத் தளம் இதை அனுமதிக்கிறது. படிவத்தின் முகப்பில் தெரியும்படி அதை எழுதி வைப்பதற்கு யாருக்கும் மனம் வரவில்லை. உதவிப் பக்கத்தின் அடியில் கிடக்கிறது. அவர் எங்களிடம் பணம் வாங்கவில்லை. வழக்கறிஞர் வைக்க வசதி இல்லாதவர் தம் வீட்டு முகவரியைத்தான் கொடுக்க வேண்டும். அதாவது இங்கே அந்தரங்கம் காசு உள்ளவருக்குத்தான்.

எதிர் அறிவிப்பு போன பிறகு, வழக்குத் தொடுத்ததைக் காட்ட எதிராளிக்கு 10 வேலை நாள். அவர்கள் வழக்குப் போடவில்லை. காணொளி திரும்பி வந்தது, எச்சரிக்கைப் புள்ளியும் நீங்கியது.

அத்தோடு முடிந்திருந்தால் இதை எழுதியிருக்க மாட்டேன். திருடப்பட்ட தொகுப்பு பல இசைத் தளங்களில் அப்படியே விற்பனையில் இருந்தது. அதை நீக்க இப்போது நாங்கள் உரிமையாளர் என்று காட்ட வேண்டும். தற்காத்துக்கொள்வது ஒன்று, உரிமையை நிலைநாட்டுவது வேறொன்று.

திருப்புகழின் சொற்கள் யாருக்கும் தனியுடைமை அல்ல. அருணகிரிநாதர் 15ஆம் நூற்றாண்டவர். அப்பாவின் சொந்தப் பாடல்களுக்கும் மெட்டுகளுக்கும் மலேசியாவின் 1987ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி அவர் ஆயுளும் அதன்பின் 50 ஆண்டும் பாதுகாப்பு. ஒலிப்பதிவு என்பது இன்னொரு தனி உரிமை. அது வெளியான ஆண்டுக்கு அடுத்த ஆண்டிலிருந்து 50 ஆண்டு, அதாவது 2041 முடியும் வரை. ஒலிப்பதிவின் உரிமை பாடியவருக்குத் தானாக வராது. பதிவுக்கான ஏற்பாடுகளைச் செய்தவரையே சட்டம் அதன் ஆக்கியோராகக் கொள்கிறது. ஒலிப்பதிவுக் கூடத்துக்காரர் ஏற்பாடு செய்திருந்தால் எங்கள் கதை அங்கேயே முடிந்திருக்கும். அப்பா எதையும் தூக்கிப் போடாதவர். அவர் பெயரில் எழுதிய கட்டண ரசீது, நாடா உறை அச்சடித்த பில் இரண்டும் அவருடைய காவடிப் பெட்டியில் இருந்தன. மற்ற எல்லா வாதங்களையும்விட அந்த மஞ்சள் ரசீதுதான் எங்களுக்குப் பலம் தந்தது.

பதிப்புரிமைக்குப் பதிவு கட்டாயமில்லை. பதிப்புரிமைக்கான பன்னாட்டு ஒப்பந்தமான பெர்ன் உடன்படிக்கையில் மலேசியா 1990 அக்டோபர் 1 அன்று சேர்ந்துவிட்டதால், அதில் உள்ள நாடுகளிலும் பாடல்களுக்குப் பாதுகாப்பு உண்டு. ஆனாலும் வெளிநாட்டு நிறுவனங்கள் ஒரு காகிதம் கேட்கின்றன. அதற்கு மைஐபிஓ எனப்படும் மலேசிய அறிவுசார் சொத்துக் கழகத்தில், 2012 முதல் நடப்பில் உள்ள தன்னார்வ அறிவிப்பு முறை உதவும். அந்தப் பதிவேட்டின் சான்றளித்த நகல் நீதிமன்றத்தில் முதல்நோக்குச் சான்றாக, அதாவது யாரும் மறுத்து நிரூபிக்கும்வரை உண்மையாக, ஏற்கப்படும்.

அப்பா உயில் எழுதவில்லை. அதனால் 1958ஆம் ஆண்டுச் சொத்துப் பகிர்வுச் சட்டப்படி மனைவிக்கு மூன்றில் ஒரு பங்கு, பிள்ளைகளுக்கு மூன்றில் இரண்டு. பாட்டும் அசையும் சொத்துதான். வீட்டுக்காக ஏற்கெனவே அம்மா சொத்து நிர்வாகி ஆகியிருந்தார்; பாடல்களை யாரும் அந்தப் பட்டியலில் சேர்த்ததில்லை, சேர்க்க வேண்டும் என்று யாரும் சொன்னதும் இல்லை. பிள்ளைகள் எல்லோரும் சம்மதக் கடிதம் கொடுத்தோம். அந்த மைஐபிஓ அறிவிப்புக்காக அம்மா லைட் ஸ்திரீட் நீதிமன்றத்தின் அருகில் ஒரு சத்தியப் பிரமாண ஆணையர் முன் கையெழுத்திட்டார். பத்திரம் மலாய் மொழியில் இருந்தது. அம்மா தமிழ்ப்பள்ளியில் படித்தவர். வரிக்கு வரி தமிழில் சொல்லி, விளங்கியதா என்று கேட்டு, சொன்னவரும் கையெழுத்திட்ட பிறகே முத்திரை விழுந்தது. நிதானமாகவும் மரியாதையாகவும் நடந்தது அது. இந்த முழு அலைச்சலிலும் ஒரு மனிதர் எங்கள் முகத்தைப் பார்த்து விசாரித்த ஒரே இடம் அதுதான்.

ஆனால் மைஐபிஓ அறிவிப்பில் மறுபடியும் உரிமையாளரின் பெயர், முகவரி, குடியுரிமை. பதிவேட்டை யார் வேண்டுமானாலும் பார்வையிடலாம். கலிபோர்னியாவுக்குப் போகாமல் காப்பாற்றிய முகவரி, சொந்த நாட்டின் பதிவேட்டில் ஏறியது.

இவற்றுக்கெல்லாம் பாதுகாப்பு உண்டா என்று வழக்கறிஞரிடம் கேட்டேன். 2010ஆம் ஆண்டுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 3ஆம் பிரிவைக் காட்டினார். அந்தப் பிரிவின் முதல் வரி, இந்தச் சட்டம் மத்திய அரசுக்கும் மாநில அரசுகளுக்கும் பொருந்தாது என்கிறது. அடுத்த வரி, மலேசியாவுக்கு வெளியே கையாளப்படும் தரவுக்கும், அதை மீண்டும் இங்கே பயன்படுத்தும் நோக்கம் இல்லாவிட்டால், பொருந்தாது என்கிறது. எங்களிடம் முகவரி கேட்ட பக்கங்களை எண்ணிப் பாருங்கள்: வெளிநாட்டுத் தளம், வெளிநாட்டு எதிராளி, அரசு. மளிகைக் கடை உறுப்பினர் அட்டையில் நான் கொடுத்த எண்ணுக்குப் பாதுகாப்பு இருக்கிறது. இவர்களிடம் போகும் தகவலுக்கு இந்தச் சட்டத்தில் இடமில்லை. 2024இல் சட்டத்தைத் திருத்தினார்கள். அபராதத்தின் உச்சவரம்பை 3 லட்சம் ரிங்கிட்டிலிருந்து 10 லட்சத்துக்கு உயர்த்தினார்கள். அரசுக்கான விலக்கு அப்படியே நிற்கிறது. தனியார் நிறுவனம் கசியவிட்டால் குற்றமாகும் ஒன்று, அமைச்சு கசியவிட்டால் ஏன் இந்தச் சட்டத்துக்கு வெளியே போக வேண்டும்? மக்களிடம் கட்டாயமாகத் தகவல் வாங்கும் அதிகாரம் அரசிடம்தானே அதிகம்.

பதிப்புரிமையின் பெயரால் அரசு எவ்வளவு தூரம் கை நீட்டும் என்பதையும் நாம் பார்த்திருக்கிறோம். 2024 செப்டம்பரில், இணையத்தளப் பெயரைக் கணினி முகவரியாக மாற்றித் தரும் பொது டிஎன்எஸ் சேவைகளுக்குப் போகும் கோரிக்கைகளை எல்லாம் உள்ளூர் இணையச் சேவையாளர்களின் கணினிகளுக்கே திருப்பிவிட வேண்டும் என்று தொடர்பு, பல்லூடக ஆணையம் உத்தரவிட்டது. 2018 முதல் முடக்கிய 24,277 இணையத்தளங்களைக் காரணம் காட்டியது. அவற்றில் 14 விழுக்காடு பதிப்புரிமை மீறல் என்றது. மக்கள் கொதித்தெழுந்த பிறகு, செப்டம்பர் 8 அன்று அமைச்சர் ஃபாமி ஃபட்சில் அதை நிறுத்தச் சொன்னார். திருட்டுத் தளத்தை மூடுவதில் எனக்கு மறுப்பில்லை, எங்கள் அப்பாவின் பாட்டும் திருடப்பட்டதுதான். ஆனால் எங்கள் பாட்டைத் திருடியவர் ஒளிந்திருக்கும் தளத்தில் இல்லை. முறையான நிறுவனம், முறையான ஒப்பந்தம், முறையான வருமானம். நாட்டில் உள்ள எல்லோருடைய இணையப் போக்கையும் ஒரே குழாயில் திருப்பினாலும் அவர் அகப்பட்டிருக்க மாட்டார்.

நம் பதிப்புரிமைச் சட்டத்திலும் நீக்கக் கோரிக்கை உண்டு. 43எச் பிரிவின்படி அறிவிப்புக் கிடைத்த 48 மணி நேரத்துக்குள் சேவையாளர் பதிவை நீக்க வேண்டும். எதிர் அறிவிப்பு வந்தால், வழக்கு இல்லாத பட்சத்தில், 10 வேலை நாளில் திரும்ப வைக்க வேண்டும். அமெரிக்க வழியின் சாயல்தான். முதலில் நீக்கு, பிறகு கேள் என்ற வரிசை இங்கும் அதேதான்.

அம்மாவின் சத்தியப் பிரமாணத்தையும் ரசீதையும் பதிவேட்டு நகலையும் இணைத்து இசைத் தளங்களுக்கு அனுப்பினோம். சில தளங்கள் தொகுப்பை நீக்கிவிட்டன. ஒரு தளம் விநியோக நிறுவனத்தையே கேட்கச் சொல்கிறது. விநியோக நிறுவனம் தளத்தைக் கேட்கச் சொல்கிறது. அதுவரை ஈட்டிய வருமானம் பற்றிக் கேட்ட கடிதத்துக்குப் பதில் இல்லை.

உங்கள் வீட்டில் நாடா இருந்தால், கணினிக்கு மாற்றுவதற்கு முன் உறையின் இரு பக்கங்களையும் படமெடுத்து வையுங்கள். ரசீது, கைப்பட எழுதிய பாடல் ஏடு, குழுப் படம் எதையும் எறியாதீர்கள். பாடியவர் உயிரோடிருந்தால் அவரே சத்தியப் பிரமாணம் செய்வது எளிது. எதிர் அறிவிப்பு என்ற கட்டம் வந்தால், வீட்டு முகவரியை எழுதுமுன் ஒரு வழக்கறிஞரைப் பாருங்கள்.

அந்தத் தொகுப்பில் அப்பாவைத் தவிர இன்னும் இரண்டு குழுக்களின் குரல்கள் இருக்கின்றன. அண்ணன் கேட்டவுடன் யாருடையவை என்று சொல்லிவிட்டார். ஒருவரின் மகன் பிறையில் இருக்கிறார், இன்னொருவரின் குடும்பம் சுங்கை பட்டாணிக்குப் போய்விட்டது. எங்கள் காகிதங்களின் நகல்களை இருவருக்கும் கொடுத்துவிட்டோம். பிறையில் இருப்பவர் தம் அப்பாவின் ரசீதைத் தேடிக்கொண்டிருக்கிறார்.