கேட்கும் முகவரி ஒன்று, சொல்லும் முகவரி வேறு

ஜாவா வெப் செயலிகளை ஓட்டும் அந்த டாம்கேட் சர்வருக்கு இரண்டு ஐபி முகவரிகள். 10.20.1.15 அலுவலக நெட்வொர்க்குக்கு, 192.168.50.15 பேக்கப்புக்கு. பிரவுசரில் அதன் வெப் போர்ட் 8080 உடனே திறந்தது. மெமரியைப் பார்க்க ஜேகன்சோலை (ஜாவாவின் கண்காணிப்புக் கருவி) இணைத்தால் மட்டும் வெகுநேரம் சுற்றிவிட்டு, இணைக்க முடியவில்லை என்று வந்துவிடும். அந்தக் கருவி பேசும் ஜேஎம்எக்ஸ் (ஜாவாவைக் கண்காணிக்கும் வழி) போர்ட் 9010 திறந்திருக்கிறதா என்று டெல்நெட் அடித்தால் போகிறது. எல்லோரும் ஃபயர்வாலைத்தான் சந்தேகித்தார்கள். பாவம், நெட்வொர்க் குழுவினர் விதிகளைத் திரும்பத் திரும்பச் சரிபார்த்துக்கொண்டிருந்தார்கள்.

என் லேப்டாப்பில், நெட்வொர்க் பாக்கெட்டுகளைக் காட்டும் வயர்ஷார்க்கை ஓடவிட்டுப் பார்த்தபோதுதான் விஷயம் பிடிபட்டது. முதல் இணைப்பு 10.20.1.15-க்குப் போய்ப் பதிலும் வாங்கிவிட்டது. அடுத்த பாக்கெட் 192.168.50.15-க்குப் போகிறது! அந்த முகவரியை நான் எங்குமே கொடுக்கவில்லை. கொடுத்தது சர்வர்தான்.

ஜேஎம்எக்ஸ் இங்கே பயன்படுத்தும் ஆர்எம்ஐ (வேறு மெஷினில் உள்ள ஜாவா நிரலை அழைக்கும் முறை) வேலை செய்யும் விதம் அப்படி. 9010-இல் இருப்பது வெறும் ரெஜிஸ்ட்ரி, அதாவது ஒரு பெயர்ப் பட்டியல். அது கையில் தரும் ஸ்டப்புக்குள் (சர்வருக்குப் பதிலாகக் கிளையண்ட் வைத்துக்கொள்ளும் பிரதிநிதி), ‘இனி இந்த முகவரிக்கு வா’ என்று ஒரு முகவரி இருக்கும். நாம் எதுவும் சொல்லாவிட்டால், ஜாவா அந்த மெஷினின் ஹோஸ்ட்நேமுக்கு என்ன ஐபி என்று பார்த்து அதையே எழுதிவிடும். இந்த மெஷினில் ‘ஹோஸ்ட்நேம் -ஐ’ (hostname -i) அடித்தால் பேக்கப் முகவரி வந்தது. டெபியனில் இதே இடத்தில் பெரும்பாலும் 127.0.1.1 இருக்கும், அப்போது கிளையண்ட் தன் மெஷினிலேயே சர்வரைத் தேடும்.

டாம்கேட் தொடங்கும்போது படிக்கும் செட்என்வி கோப்பில் ‘ஜாவா.ஆர்எம்ஐ.சர்வர்.ஹோஸ்ட்நேம்’ (java.rmi.server.hostname) என்பதற்கு 10.20.1.15 கொடுத்தோம். ஸ்டப் சொல்லும் போர்ட்டும் ஒவ்வொரு ரீஸ்டார்ட்டுக்கும் மாறும் என்பதால், ஆர்எம்ஐ போர்ட்டையும் 9010 என்றே நிறுத்தினோம். ஃபயர்வாலில் ஒரே ஒரு போர்ட் திறந்தால் போதும். ஜேகன்சோல் உடனே இணைந்தது.

ஆனால் இந்த அமைப்பு சர்வர் எதைச் சொல்கிறது என்பதை மட்டுமே மாற்றும். எங்கே கேட்கிறது என்பது அப்படியேதான் இருக்கும். அப்புறம், எந்தப் போர்ட் எங்கே கேட்கிறது என்று காட்டும் ‘எஸ்எஸ் -எல்டிஎன்பி’ (ss -ltnp) போட்டுப் பார்த்தால் 8080, 9010 இரண்டும் எல்லா முகவரிகளிலும் திறந்தே கிடந்தன. பேக்கப் நெட்வொர்க்கில் இவற்றுக்கு என்ன வேலை? 8080-க்கு, டாம்கேட்டின் அமைப்புக் கோப்பான சர்வர் எக்ஸ்எம்எல்லில் (server.xml) கனெக்டருக்கு, அதாவது இணைப்புகளை ஏற்கும் பகுதிக்கு, அட்ரஸ் கொடுத்தோம். ஜேஎம்எக்ஸுக்கு அதற்கென்று தனி ஹோஸ்ட் பிராப்பர்ட்டி இருக்கிறது, அதையும் போட்டோம்.

எந்தப் பெயருக்கு எந்த ஐபி என்று எழுதியிருக்கும் ஹோஸ்ட்ஸ் கோப்பில் ஒரு வரியை மாற்றியிருந்தால் ஜேகன்சோல் இணைந்திருக்கும் என்று குழுவில் ஒருவர் சொன்னார். உண்மைதான். ஆனால் பேக்கப் மென்பொருளும் அதே வரியை நம்பித்தான் ஓடுகிறது, அதனால் அதைத் தொட நான் சம்மதிக்கவில்லை.